ராணுவ மருத்துவப் பணியிலிருந்து அறுவை சிகிச்சைக்கு: டாக்டர் வெங்கடசாமியிடம் எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: மேலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் மேலூர் வட்டாரத்தில் பிறந்தவன். எம்.பி.பி.எஸ். முடித்ததும் ராணுவ மருத்துவப் படையில் குறுகிய காலப் பணி அதிகாரியாகச் சேர்ந்தேன். ஒரு காலாட்படைப் பட்டாளத்தின் மருத்துவ அதிகாரியாக மலைப்பகுதியிலும், பின்னர் ஒரு கள மருத்துவமனையிலும் இருந்துவிட்டு, தவணை முடிந்து அண்மையில் ஊர் திரும்பியிருக்கிறேன். பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இந்த வயதில் இன்னும் மூன்றாண்டுப் படிப்பா, பேசாமல் ஊரிலேயே ஒரு கிளினிக் வைக்கக் கூடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை நான் சமாளித்துக்கொள்வேன்; என் கேள்வி வேறு.

ராணுவத்திலிருந்து வருகிறவனுக்கு இரத்தத்தைக் கண்டு பதற்றம் வராது, ஆகவே அவன் நல்ல அறுவை மருத்துவன் ஆவான் என்று என் பேராசிரியர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாய்மாமன், "பட்டாளத்து டாக்டர் அதட்டித்தானே பேசுவார், கிராமத்து ஜனம் அவரிடம் வாயைத் திறக்குமா?" என்றார். இரண்டிலும் உண்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மதுரையில் இந்தப் பேச்சை எடுத்தாலே, அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியைத்தான் எல்லோரும் சுட்டுகிறார்கள். அவரும் ராணுவ மருத்துவராக இருந்தவர்தான். ஆனால் அவர் கதையைச் சொல்கிறவர்கள், ராணுவத்தில் இருந்தார், முடக்குவாதம் வந்தது, வெளியே வந்தார் என்று ஒரே மூச்சில் அந்த ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பணிக்காலம் அவருடைய பிற்கால மருத்துவத்தில் ஏதேனும் தடம் பதித்ததா? அவர் இரக்கமுள்ள அறுவை மருத்துவராக ஆனது ராணுவத்தாலா, ராணுவத்தை மீறியா? மேடையில் புகழ்வதற்கு அல்லாமல், என் போன்றவன் அன்றாட வேலைக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது அவரிடம் எது? அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கோரிப்பாளையத்தார்

டாக்டர் தம்பிக்கு வணக்கம். நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அறுவை சிகிச்சைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுத்துப் பழகிய தலைமுறை அது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்றார். உறவுக்காரப் பெண்கள் பிள்ளைப்பேற்றின்போது இறந்ததைச் சிறுவயதிலேயே கண்டவர் என்பதால், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. இடையில் ராணுவம் வந்தது. இந்திய ராணுவ மருத்துவப் படை 1943 ஏப்ரலில்தான் தனிப் படையாக அமைக்கப்பட்டது; ஆக, அவர் சேர்ந்தபோது அது நடை பழகாத குழந்தை, உலகப் போரும் முடியும் தறுவாயில் இருந்தது. 1948-இல் கடுமையான முடக்குவாதத்தால் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஓராண்டுக்கும் மேல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்து நிற்பதும் பேனாவைப் பிடிப்பதும்கூடப் பெரும்பாடாக இருந்த அந்தக் கைகளை வைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவத்தை நினைத்துப் பார்க்க இயலாது. அதன் பிறகுதான் கண் மருத்துவம் வருகிறது. 1951-இல் அதில் எம்.எஸ். பட்டம் பெற்றார், 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரிக்குக் கண் மருத்துவத் துறைத் தலைவராக வந்து, அன்று எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அழைக்கப்பட்ட நம் பெரியாஸ்பத்திரியில் இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: அவரை உருவாக்கியதில் ராணுவச் சீருடையைவிட நோயாளிக் கட்டிலுக்குப் பங்கு அதிகம். தன் உடம்பை மற்றொருவர் புரட்டிப் போட வேண்டிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்த மருத்துவருக்கு, வலி என்பது கேஸ் ஷீட்டில் எழுதும் சொல்லாக இருக்க முடியாது. ஆனால் இதை விதியாக்கிவிடாதீர்கள். நோய்ப்பட்டு எழுந்து வந்து, முன்னிலும் கசந்துபோன மருத்துவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெங்கடசாமி செய்த வேறொன்று அதைவிட முக்கியம். விரல்கள் கோணிப்போனபின், அந்த விரல்களால் எது முடியும் என்று அளந்து, அதற்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கும் பழக்கத்தை முதலிலிருந்து கற்றார். பின்னாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் தம் கையால் செய்தார் என்பதைப் பலரும் சொல்வார்கள். தன் கையின் எல்லை எது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தவர் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எல்லை தெரியாத கை நோயாளிக்கு ஆபத்து.

உங்கள் பேராசிரியர் சொன்னதைப் பற்றி ஒன்று. இரத்தத்தைக் கண்டு பதறாமல் இருப்பது எந்தப் பயிற்சி மாணவருக்கும் ஓராண்டில் வந்துவிடும். அதற்கு இமயமலை வரை போக வேண்டியதில்லை. மலையில் நீங்கள் கற்றிருக்கக்கூடிய அரிய பாடம் பனிக்கடியில் இருக்கிறது. விரல் கறுத்துவிட்டது என்பதற்காக அன்றே வெட்டக் கூடாது. உயிருள்ள தசைக்கும் இறந்த தசைக்கும் இடையே கோடு தெளிவாக விழும்வரை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜனவரியில் உறைந்ததை ஜூலையில் வெட்டு என்று அறுவை மருத்துவர்களிடையே ஒரு பழைய சொல்லே உண்டு. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தெரிவது இரக்கத்தின் பெரும்பகுதி என்பேன்.

பதில்: உசிலை ஹவில்தார்

டாக்டர் சார் அவர்களுக்கு வணக்கம். நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மேலே எழுதிய பெரியவர் மீது மதிப்பு வைத்தே அவருடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ராணுவம் டாக்டர் வெங்கடசாமிக்கு நோயைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை என்பதுபோல் ஒரு தோற்றம் அந்தப் பதிலில் வந்துவிட்டது.

முதலில் உங்கள் தாய்மாமன் சொன்ன அதட்டலைப் பற்றி. எம்.ஐ. ரூமுக்கு, அதாவது பட்டாளத்தின் மருத்துவப் பரிசோதனை அறைக்கு, காலையில் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட்டுக்கு வரும் ஜவானிடம் மருத்துவ அதிகாரி சுருக்கமாகப் பேசுவார் என்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரி, மலைமேல் காவல் நிலையான பிக்கெட்டில் ஒருவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தால், உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம் என்று அந்த நேரத்திலேயே ஆக்சிஜன் சிலிண்டரோடு மேலே ஏறுவார். எங்களையும் இழுத்துக்கொண்டு ஏறுவார். நாட்டின் நலம் முதலில், உன் கீழ் உள்ளவர்களின் நலம் அடுத்து, உன் சுகம் எப்போதும் கடைசியில் என்று டேராடூன் அகாடமியில் 1932-இல் அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் சொன்ன வாசகத்தை அதிகாரிகளாகிய நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நாங்கள் அதை அதிகாரிகளின் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஜவான்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைத் தொடாத அதிகாரி எத்தனை அதட்டினாலும் எவனும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டான்.

இரண்டாவது, யாருக்கு முதலில் சிகிச்சை என்பது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, காயம்பட்டவரின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்று நடைமுறைப்படுத்தினார் என்று லக்னோ பயிற்சி மையத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். கர்னல் காத்திருப்பார், வயிற்றில் குண்டு பட்ட சிப்பாய் முதலில் உள்ளே போவான். இதை ஊருக்குக் கொண்டு வந்து பாருங்கள். சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவரும், காலை முதல் பேருந்தில் பேரையூரிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவியும் ஒரே வரிசையில் நிற்கும் மருத்துவமனை நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது? ராணுவத்திலிருந்து வருகிறவர் கொண்டு வரக்கூடிய பெரிய சொத்து இதுதான் என்பது என் எண்ணம்.

மூன்றாவதாக, கண் முகாம்கள். 1960-களின் தொடக்கத்திலேயே, அரசுப் பணியில் இருந்துகொண்டே, டாக்டர் வெங்கடசாமி கிராமங்களில் கண் முகாம்களை நடத்தத் தொடங்கினார். முகாம் என்றால் என்னவென்று ராணுவத்தில் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டி ஆள் போய் இடம் பார்க்க வேண்டும். தண்ணீர், வெளிச்சம், சமையல், படுக்கை, கொதிக்க வைத்த கருவிகள், திரும்ப அழைத்துச் செல்ல வண்டி என்று எதில் ஓர் ஓட்டை விழுந்தாலும் மொத்தமும் கெட்டுப்போகும். இதை அவர் ராணுவத்தில்தான் கற்றார் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் கள மருத்துவமனையில் வேலை செய்த எவனும் அந்த முகாம்களைப் பற்றிக் கேட்டால், இது தெரிந்த வேலையாக இருக்கிறதே என்று நினைப்பான்.

பதில்: கண் மருத்துவ மாணவி

அண்ணா, ஹவில்தார் ஐயா எழுதியதைப் படித்தபின் எனக்குத் தோன்றும் ஐயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நான் கண் மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். டாக்டர் வெங்கடசாமி ஒரே நாளில் நூறு அறுவைகள்கூடச் செய்வார் என்று எங்களுக்குப் பெருமையாகச் சொல்கிறார்கள். நூறு பேரின் கண்ணைத் தொடும் நாளில் எத்தனை பேரின் முகம் மருத்துவருக்கு நினைவிருக்கும்? வேகமும் இரக்கமும் ஓரிடத்தில் இருக்க முடியுமா என்று முதலாண்டில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தபின் என் கருத்து ஓரளவு மாறியது. அரவிந்த் முறையில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவரைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவார்கள். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போவார். நோயாளியிடம் பேசுவது, கையைப் பிடிப்பது, சொட்டு மருந்து விடுவது, வீட்டாருக்கு விளக்குவது எல்லாம் அதற்கென்றே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் பொறுப்பு. அவர்களில் பலர் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவர்கள். நோயாளியின் பேச்சு வழக்கிலேயே பேசுவார்கள். மருத்துவர் பேசினால் தலையை மட்டும் ஆட்டுகிற பாட்டி, அந்தப் பெண்ணிடம் தன் மருமகள் கதை வரைக்கும் சொல்லிவிடுவார். ஆகவே இரக்கம் குறைந்துவிடவில்லை, வேலையைப் போலவே அதுவும் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வாதிடலாம். எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் வெளியே வரிசையில் நிற்கிறவரின் பார்வை இல்லாத மாதங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், மெதுவாகச் செய்வதே அன்பு என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

போருக்கும் எங்கள் துறைக்கும் உள்ள வேறொரு தொடர்பை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் விமான முகப்பின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துண்டுகள் தெறித்துக் கண்ணுக்குள் போன விமானிகளை லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அந்தப் பிளாஸ்டிக் கண்ணுக்குள்ளேயே தங்கியும் பெரிய அழற்சி உண்டாகவில்லை. அப்படியானால் அதே பொருளால் செயற்கை லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைக்கலாமே என்று எண்ணி, 1949 நவம்பரில் அதைச் செய்தும் காட்டினார். அவரும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் பணியாற்றியவர்தான். நம் ஊர் முகாம்களில் அந்நாளில் புரை விழுந்த லென்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டு, சோடா பாட்டில் அடிபோன்ற தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தால் வயல் வரப்பில் நடக்க முடியாமல் மீண்டும் மூலையில் உட்கார வேண்டியதுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதிச் சரக்காக நூறு டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்தபோது, 1992-இல் அரவிந்த் மருத்துவமனையார் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி ஏறத்தாழ பத்து டாலருக்கு அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஓர் அறுவை மருத்துவரின் இரக்கம் தொழிற்சாலை வடிவத்தில் வரும் என்று நான் மருத்துவத்தில் சேர்ந்தபோது நினைத்ததில்லை.

பதில்: தியேட்டர் சிஸ்டர் (ஓய்வு)

தம்பி, மூன்று பதில்களையும் நிதானமாகப் படித்தேன். பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே வருகின்றன என்பதால் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்ற லட்சுமி சுவாமிநாதன், நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, போருக்குப் பிறகு கான்பூரில் குடியேறி, ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவராகத் தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி பிடித்தவர் கை பிரசவம் பார்க்க உதவாது என்று நினைப்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

இனி உங்கள் கேள்வி. நான் அறுவை அரங்குகளில் பல்லாண்டுகள் நின்றவள். எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது ஓரிடத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. கண் மருத்துவ மாணவி எழுதிய இரண்டு மேசை முறையைப் பொது அறுவை சிகிச்சைக்கு அப்படியே தூக்கி வர முடியாது என்பதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புரை அறுவை என்பது பெரும்பாலும் ஒரே வேலை திரும்பத் திரும்ப. நோயாளி விழித்திருப்பார், சில நிமிடங்களில் முடியும். உங்களிடம் வருவது குடல் ஓட்டை, முறுக்கிய குடலிறக்கம், புரையோடிய சர்க்கரைக் கால், மார்பில் கட்டியை ஓராண்டு சேலைக்குள் மறைத்து வைத்திருந்துவிட்டுக் கடைசியில் வந்த அம்மா. இவர்களை வரிசையில் வைத்து வேகமாக முடிக்க இயலாது. ஆகவே டாக்டர் வெங்கடசாமியின் வேகத்தை விட்டுவிடுங்கள். அவர் எதை யோசித்தார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கண்டுகொண்ட ஒன்று உண்டு. அறுவை இலவசம் என்று அறிவித்தாலும் ஏழைகள் பலர் வரவில்லை. ஏனென்றால் அறுவைக்குத்தான் கட்டணம் இல்லையே தவிர, பேருந்துக்குக் காசு வேண்டும், சாப்பாட்டுக்குக் காசு வேண்டும், துணைக்கு வரும் மகன் அன்றைய கூலியை இழக்க வேண்டும். இதைக் கண்டபின் நோயாளியை அழைத்து வருவதும், சோறு போடுவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் சிகிச்சையின் பகுதியாயின. 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், அண்ணா நகரில் பதினொரு படுக்கைகளோடு, தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பத்தாரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியபோதும், பணம் கொடுப்பவரிடம் வாங்கி, கொடுக்க இயலாதவருக்குச் செய்வது என்ற ஏற்பாட்டோடுதான் தொடங்கினார். கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும் நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பதில் அந்த மனிதருக்கு இருந்த அக்கறைதான், தம்பி, நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அது அறுவை அரங்கில் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். நாளை காலை அறுவை என்றால் நள்ளிரவு முதல் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட்டுவிடுவார்கள். பட்டியலில் ஆறாவதாக இருப்பவரின் முறை பிற்பகல் இரண்டு மணிக்கு வரும். மயக்க மருத்துவ விதிப்படி திட உணவுக்கு ஆறு மணி நேரமும், பால் கலக்காத தெளிந்த நீர்மங்களுக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். அந்த ஆறாவது ஆள், வெறும் வயிற்றோடு, நாக்கு ஒட்டிக்கொண்டு, பதினான்கு மணி நேரம் கிடக்க எந்தக் காரணமும் இல்லை. அதிலும் அவர் சர்க்கரை நோயாளியாக இருந்தால் அது கொடுமையோடு ஆபத்தும் ஆகும். குழந்தைகளையும் சர்க்கரை நோயாளிகளையும் முதலில் வைத்துப் பட்டியல் எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகாது. ஆனால் பட்டியல், தலைவருக்குப் பிடித்த பெரிய கேஸ் முதலில் என்ற கணக்கில்தான் பல இடங்களில் எழுதப்படுகிறது. மாலை நான்கு மணிக்கு, இன்று நேரமில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பப்படுகிறவரின் முகத்தை எந்த மருத்துவரும் பார்ப்பதில்லை, நாங்கள்தான் பார்ப்போம். மறுநாளும் அவர் பட்டினியோடு தொடங்குவார்.

இன்னொன்று, பச்சைத் துணி போர்த்தியபின் நோயாளி அங்கே இல்லை என்பதுபோல் பேசுவது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவைகளில் அவருக்குக் காது கேட்கும். "இது என்ன இவ்வளவு ஒட்டியிருக்கு" என்று நீங்கள் உதவியாளரிடம் சொல்லும் சொல்லைக் கேட்டு, திரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆளின் நாடித்துடிப்பு எகிறுவதை மானிட்டரில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பட்டாளத்தில் நீங்கள் பழகிய சுருக்கமான பேச்சு அங்கே குறையே அல்ல, நிறைதான். தேவையான கருவியின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் மருத்துவரோடு நிற்பது எங்களுக்கும் நிம்மதி. வார்டில்தான் அந்தச் சுருக்கம் உதவாது. அங்கே நின்றுகொண்டு பேசாதீர்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். உட்கார்ந்த டாக்டரிடம் ஜனங்கள் இரண்டாவது கேள்வியையும் கேட்பார்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான் அவர்கள் உண்மையாகக் கேட்க வந்தது.

கேட்டவரின் மறுமொழி: மேலூர்க்காரன்

நான்கு பேருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயாவின் பதிலைத் தாய்மாமனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்கிறேன். சிஸ்டர் அம்மா எழுதியது எனக்கு மிகவும் பயன்படும். ஆனால் அதிலிருந்தே ஓர் ஐயம் பிறக்கிறது. பட்டாளத்தில் நான் ஒருவனே மருத்துவ அதிகாரி, எம்.ஐ. ரூமில் வரிசை எப்படி என்பதை நானே முடிவு செய்தேன். இப்போது முதலாண்டு மாணவனாக ஒரு யூனிட்டின் அடிமட்டத்தில் போய் நிற்கப் போகிறேன். பட்டியலை மாற்றும் அதிகாரம் என்னிடம் இருக்காது. பேராசிரியரிடம் போய், உங்கள் பட்டியல் இரக்கமில்லாமல் இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்பவனால் செய்யக்கூடியது என்ன?

பதில்: தியேட்டர் சிஸ்டர் (ஓய்வு)

தம்பி, பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர்தான் தலைவர். அதை எழுதுகிறவர் பெரும்பாலும் முதலாண்டு மாணவர். நீங்கள் எழுதி நீட்டும் வரிசையை, காரணம் ஒரே வரியில் சொன்னால், பத்தில் எட்டு பேராசிரியர்கள் அப்படியே ஒப்புக்கொள்வார்கள். "சார், மூன்றாவது அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, முதலில் வைத்திருக்கிறேன்" என்றால் போதும். இரக்கம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். முந்தைய நாள் மாலை மயக்க மருத்துவரைப் பார்த்து, பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று கேட்டு, அதை கேஸ் ஷீட்டிலேயே மணி போட்டு எழுதிவிடுங்கள். வாய்மொழி உத்தரவை இரவுப் பணிச் சிஸ்டர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

பதில்: கோரிப்பாளையத்தார்

சிஸ்டர் எழுதியதோடு என் அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். பத்து மணிக்கு மேல் அவசர கேஸ் ஒன்று உள்ளே வந்துவிட்டால், கடைசி இரண்டு பேருக்கு அன்று முறை வராது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை வார்டுக்குச் சொல்லும் வேலை யாருடையது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அரங்கிலிருந்து ஒரு போன் செய்து, இந்த இருவருக்கும் இன்று இல்லை, சாப்பாடு கொடுத்துவிடுங்கள், சாயங்காலம் நானே வந்து வீட்டாரிடம் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி சாயங்காலம் போகவும் வேண்டும். துணைக்கு வந்தவர் மறுநாள் கூலியையும் விட்டுவிட்டு நிற்க வேண்டுமா, அல்லது ஊருக்குப் போய்விட்டு அடுத்த அறுவை நாளுக்கு வரலாமா என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.